மரகதம் சொல்லாத வகை

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஆண்டு விழா அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. கோவை ஆளுமை வகை ஆய்வோர் சங்கத்தின் பதினைந்தாம் ஆண்டு. இம்மாதம் இருபத்தேழு, ஞாயிறு. நான்காவது வரியில் என் பெயர் இருக்கிறது: 'மூத்த பயிற்றுநர் விருது பெறுபவர்: திருமதி கமலவேணி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை.' இந்த விருதைச் சங்கம் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. மூன்று முறை படித்தேன். அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

சங்கத்தில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். உளவியலாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள், கம்பெனிகளில் ஆள் எடுக்கும் அலுவலர்கள், ஒரு பல் மருத்துவர். மனித இயல்பைப் பதினாறு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளும் முறையை ஊருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. புதிதாக வருபவர்களுக்கு நான் என் வகுப்பறையைத்தான் உதாரணமாகச் சொல்வேன். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடுவேன். ஒருத்தி யாரோடும் பேசாமல், விட்டத்தைப் பார்த்தபடி இருந்து, விடையோடு எழுந்து நிற்பாள். இன்னொருத்தி பக்கத்துப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் விடைக்குப் போய்ச் சேருவாள். முதலாமவள் அகமுகம், இரண்டாமவள் புறமுகம். இப்படி நான்கு இணைகள் சேர்ந்துதான் பதினாறு வகை. இருவருக்கும் விடை ஒன்றுதான். பதினாறில் எது உசத்தி என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் கிடையாது.

எங்கள் சங்கத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பயிலரங்கு இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் முடிவில், ஒவ்வொருவரும் எந்த வகையாக இருக்கக்கூடும் என்ற தன் ஊகத்தைப் பயிற்றுநர் பென்சிலால் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்வார். இரண்டாம் நாள், பதினாறு விவரிப்புகளையும் படித்துப் பார்த்து 'இதுதான் நான்' என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதுதான் பேனாவில் அட்டைக்கு ஏறும். எங்கள் சீட்டை அவர்கள் எதிரிலேயே கிழித்துவிடுவோம். பொருந்தினாலும் கிழிப்போம், பொருந்தாவிட்டாலும் கிழிப்போம். ஒருவரைப் பற்றிக் கடைசி வார்த்தை அவருடையது. இந்த ஒரு வழக்கத்துக்காகவே எனக்கு இந்தச் சங்கம் பெருமை.

என் ஊகம் பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். இதை வெளியே சொல்வதில்லை. இங்கே எழுதிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 5, சனி

நெறிக் குழுவுக்கு ஒரு புகார் வந்திருக்கிறது. அந்தக் குழுவின் தலைவி நான். ஏழு வருடத்தில் இதுதான் முதல் புகார். கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

'பல்லடம் ரோட்டில் உள்ள நூற்பாலையில் பதினொரு வருடமாக ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷின் ஓட்டுகிறேன். சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்தேன். உங்கள் சங்கத்து அட்டையில் நான் அகமுக வகை என்று போட்டிருக்கிறதாம். ஆகவே ஆட்களை மேய்க்க நான் லாயக்கில்லை என்று ஆபீசில் சொல்கிறார்கள். 22ஆம் தேதி நேர்காணல். பட்டியலில் என் பெயர் இருக்குமா என்று தெரியவில்லை. அந்த அட்டையில் இருப்பதை நான் எப்போது சொன்னேன் என்று தெரியப்படுத்தவும். இப்படிக்கு, மரகதம்.'

அந்த ஆலையில் ஜனவரியில் இருபத்தெட்டுப் பெண்களுக்குப் பயிலரங்கு நடத்தினோம். பயிற்றுநர்கள் இருவர்: நானும் சங்கச் செயலாளர் தரணிதரனும்.

எங்கள் முறையை ஆள் எடுக்கவோ கழிக்கவோ பயன்படுத்தக் கூடாது என்பது முதல் விதி. யார் மீறியிருந்தாலும் கண்டிப்போம். சங்கம் இருப்பது அதற்குத்தான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

தரணிக்குப் போன் செய்தேன். அவன் ஒரு ஐ.டி. கம்பெனியில் பயிற்சி அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டிக்காரன், ஆனால் எல்லாவற்றிலும் அவசரம்.

"அந்த அட்டை நீ கொடுத்ததா தரணி?"

"நானுங்களா? ரெண்டாம் நாள் மத்தியானமே கெளம்பிட்டேனே டீச்சர், பொண்ணுக்குக் காது குத்துன்னு. நீங்கதான போயிட்டு வான்னீங்க. அட்டையெல்லாம் நீங்கதான் எழுதியிருப்பீங்க."

"நன்றாக யோசித்துச் சொல்."

"யோசிக்க என்னங்க இருக்குது, காது குத்து எனக்கு மறக்குமா?"

அவன் வகையினருக்குப் பெரிய படம் பிடிபடும், நுணுக்கம் தவறும். இது அவன் குற்றமில்லை, இயல்பு. நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அவன் ஞாபகத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மாவு அரைத்தேன். உளுந்து போதவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

மரகதம் அந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். சங்கத்தின் வட்ட முத்திரை இருக்கிறது. எண் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கல். கையெழுத்து யாருடையது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

என் வீட்டுக்காரர், இவர், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்த கண். "உன்ர எழுத்தாட்டவே இருக்குதே அம்மணி. அந்த 'ர'வுக்கு இவ்வளவு நீளமாக் கால் இழுக்கறது இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்."

"டீச்சர்கள் எழுத்தெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"தரணி டீச்சரா?"

குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. போய்விட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

காலை ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் கேட்டுக்கொண்டு, மரகதத்தைப் பார்க்கப் பேருந்தில் போனேன். ஆலை வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு டீ சொன்னோம்.

நான் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன், விதிகளைச் சொன்னேன், வகுப்பறை உதாரணத்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் டீயில் ஆடை படிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் நானே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறேன் என்பது மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது.

"இரண்டாம் நாள் பயிலரங்கில் நீங்கள் எந்த விவரிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"ரெண்டாம் நாளு நான் வரலீங்க டீச்சர். ஆளு பத்தலைன்னு மெஷின் ஷெட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"அப்படியானால் அட்டை?"

"ஒரு வாரங்கழிச்சு ஆபீஸ்ல கூப்ட்டுக் குடுத்தாங்க. கவரு பிரிச்சிருந்துச்சு."

அவராகவே தொடர்ந்தார்.

"பேசாத ஆளு, எப்படி முப்பது பேர மேய்ப்பேன்னு கேக்கறாங்க. உள்ள வந்து பாத்திருந்தா கேக்க மாட்டாங்க. அந்தச் சத்தத்துல பேசி என்னங்க ஆகும்? எல்லாமே கையிலயும் கண்ணுலயும்தான்."

காட்டினார். இரண்டு விரலைச் சேர்த்து விலக்கினால் நூல் அறுந்திருக்கிறது. உள்ளங்கையை மேலே தூக்கினால் நூல் சுற்றும் பாபின் நிறைந்துவிட்டது, எடுக்க வா. கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. காலரைச் சரிசெய்வது போல் செய்தால் மேனேஜர் வருகிறார். பேக்கரிக்காரர் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

"இதுல ஏழெட்டு நான் உண்டாக்குனதுங்க" என்றார். முகத்தில் பெருமை தெரிந்தது, ஒரு நொடிதான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஜனவரிப் பயிலரங்கின் இரண்டாம் நாள் வருகைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழு கையெழுத்து. இரண்டு முறை எண்ணினேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

குடியிருப்பில் கொடியேற்றம். நான்தான் கயிறு இழுத்தேன். ஒரே இழுப்பில் விரிந்தது.

சங்கத் தலைவர் டாக்டர் எஸ்தர் போன் செய்தார். பெரிய மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தவர், மென்மையாகப் பேசுவார். "விருதுக்கு ஏற்புரை ஐந்து நிமிடம் டீச்சர். உங்களுக்கு ஐந்து நிமிடம் போதாதுன்னு எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு, "அந்தப் புகார்?"

"விசாரணை நடந்துகொண்டிருக்கிறது" என்றேன்.

உண்மைதான். நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மதியம் ஏற்புரையை எழுத உட்கார்ந்தேன். 'நாற்பத்து மூன்று பேரும் தலைநிமிர்ந்து நடக்கும் சங்கம் இது' என்று தொடங்கினேன். இரண்டாவது வரி வரவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில், இரண்டாம் நாள் மாலை. மேசையில் இருபத்தெட்டுக் கவர். இருபத்தேழில் அட்டை இருந்தது, ஒன்று காலி. மரகதத்தின் சீட்டு மட்டும் கிழிபடாமல் என் கைப்பையில் இருந்தது. முதல் நாள் முழுக்க அவர் மூன்று முறைதான் வாய் திறந்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. காலிக் கட்டத்தோடு எதையும் முடித்து வைக்க என்னால் முடியாது. பேனாவை எடுத்து, சீட்டில் இருந்ததை அட்டையில் எழுதினேன். கவரை ஒட்டினேன். 'இவர் வந்தால் கொடுத்துவிடுங்கள்' என்று ஆலையின் எச்.ஆர். அலுவலரிடம் கொடுத்துவிட்டு, எல்லாம் முடித்த திருப்தியோடு பேருந்து ஏறினேன்.

இது புகார்க் கடிதத்தைப் படித்த அன்றே எனக்கு நினைவு வந்துவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் பரீட்சைத்தாள் திருத்தியிருக்கிறேன். பரீட்சைக்கு வராத ஒரு பிள்ளைக்குக்கூட மதிப்பெண் போட்டதில்லை. வந்திருந்தால் நூறு வாங்கியிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பிள்ளைகளும் உண்டு. ஒருமுறை எங்கள் தலைமையாசிரியரின் சொந்த மகள் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். 'வரவில்லை' என்றுதான் எழுதினேன். எனக்குத் தெரிந்திருப்பது வேறு, அவள் எழுதியிருப்பது வேறு. கணக்கில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தவள் ஒரு மனுஷி விஷயத்தில் கோட்டை விட்டேன்.

தரணிக்குப் போன் செய்து முழுவதும் சொன்னேன். அவன் வகையைக் குறைசொல்லி நான் நினைத்ததையும் சேர்த்து.

"நுணுக்கம் தவறுமாங்க எனக்கு?" என்றான். "போகட்டும் டீச்சர். சனிக்கிழமை குழுவக் கூட்டிரலாம். நேர்காணலுக்கு அஞ்சு நாள்தான் இருக்குது."

இவரிடமும் சொன்னேன். மீட்டர் பார்த்த கண்ணுக்கு இது புதிய செய்தி இல்லை. "விருதுக்குன்னு எடுத்த புடவைய என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

"கட்டிக்கொள்வது" என்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

டாக்டர் எஸ்தர் வீட்டில் குழு கூடியது. நாங்கள் மூவர்தான் உறுப்பினர்கள். தலைவி நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். தரணி கேள்வி கேட்டான், நான் பதில் சொன்னேன். நான் மாணவிகளை விசாரிப்பதைவிட நன்றாகவே விசாரித்தான். "கவரை வேறொருவர் கையில கொடுக்கலாமான்னு அப்ப யோசிச்சீங்களா?" என்று கேட்டான். யோசிக்கவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

டாக்டர் எஸ்தருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "விழா முடியட்டும் தரணி. டீச்சர் பதினைந்து வருஷம் உழைச்சிருக்காங்க. ஒரு வாரத்தில் என்ன ஆகிடும்?"

"நேர்காணல் இருபத்திரண்டுங்க மேடம். விழா இருபத்தேழு" என்றான்.

"சரி, கடிதத்தில் அலுவலகத் தவறுன்னு போடலாமே. பேர் எதுக்கு?"

"அலுவலகத் தவறு இல்லைங்க மேடம், பயிற்றுநர் தவறு. நம்ம அட்டைய வெச்சுத்தான் அவங்கள ஒதுக்கறாங்க. இன்னார் இப்படி எழுதிட்டார், அது செல்லாதுன்னு தெளிவாச் சொன்னாத்தான் மில்லுல நம்புவாங்க."

அவன் பேசப் பேச எனக்குத் தண்டனை கூடிக்கொண்டே போனது. ஆனாலும் அவன் எந்த இடத்திலும் தளர்ந்துவிடக் கூடாதே என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. இதை எழுதினால் யார் நம்புவார்கள் என்று தெரியவில்லை.

தீர்மானம்: ஓராண்டு நான் பயிலரங்கு நடத்தக் கூடாது. நெறிக் குழுவிலிருந்து விலக வேண்டும். தொடக்கநிலைப் பயிற்சியை முதலிலிருந்து படிக்க வேண்டும். விருது இல்லை. காரணத்தைப் பொதுக்குழுவில் வாசிக்க வேண்டும். மூவரும் கையெழுத்திட்டோம்.

ஆலைக்குப் போகும் கடிதத்தை யார் எழுதுவது என்று வந்தபோது இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானே எழுதினேன். 'மரகதம் அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லாத ஒன்றை எங்கள் பயிற்றுநர் கமலவேணி எழுதிவிட்டார். அந்த அட்டை செல்லாது. செல்லும் அட்டையாக இருந்தாலும், வேலைக்கு ஒருவர் தகுதியானவரா என்பதை அது காட்டாது.' ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

விடுபட்ட இரண்டாம் நாளை மரகதம் முடித்துக்கொள்ளலாம், விருப்பமிருந்தால் மட்டும், என்று தரணி கேட்டிருந்தான். அவர் வந்தாராம். சங்க அறையில் மூன்று மணி நேரம். நான் போகவில்லை, போகவும் கூடாது. வீட்டில் மூன்று விசிறிகளைத் துடைத்தேன்.

மாலை தரணி போன் செய்தான். மரகதமே என்னிடம் சொல்லச் சொன்னாராம். பதினாறையும் இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றை எடுத்து வைத்தாராம்.

"நீங்க எழுதுனதேதான் டீச்சர்."

பத்துக்கு ஒன்பது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அது கணக்கில் சேராது" என்றேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

தரணி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். இருவரும் ஆலைக்குப் போய்க் கடிதத்தை நேரில் கொடுத்தோம். எச்.ஆர். அலுவலர் சந்தானகிருஷ்ணன் மரியாதையான மனிதர்தான். இரண்டு முறை படித்தார்.

"சரிங்க, அப்ப அந்தம்மா அகமுகம் இல்லையா?"

நேற்று மாலையிலிருந்து எங்கள் இருவருக்கும் விடை தெரியும். தரணி என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை.

"அது அவர் சொல்ல வேண்டியதுங்க. சொல்லாமலும் இருக்கலாம்" என்றேன்.

"என்னங்க இது, சங்கத்துக்கே தெரியாதா?"

"எங்களுக்கு என்ன தெரிந்தாலும் அதைச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லைங்க. ஒரு உதாரணம் சொல்கிறேன். இடக்கையால் எழுதும் பிள்ளை ஒன்று வகுப்புக்கு வருகிறது. அதற்குக் கணக்கு வருமா வராதா என்று கையைப் பார்த்துச் சொல்வீர்களா? கணக்கைக் கொடுத்துத்தானே பார்ப்பீர்கள்?"

அவர் கடிதத்தை மடித்தார். "நீங்களே உங்க பேரைப் போட்டு எழுதியிருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க."

"நாளைக்குப் பட்டியல்ல அவங்க பேரைச் சேர்த்துடறேன். அதுக்கு மேல அவங்க பாடு."

அதற்கு மேல் அவர் பாடு. நாங்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

துவரம்பருப்பைக் காயவைத்தேன். பதினொரு மணிக்கு நேர்காணல் என்று சொன்னார்கள். பருப்பைப் பன்னிரண்டு மணிக்கே எடுத்துவிட்டேன், பாதிதான் காய்ந்திருந்தது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசை. அழைப்பிதழில் நான்காவது வரியைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். பலர் என்னைப் பார்த்துவிட்டுத் தாளைச் சுரண்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் எஸ்தர் தீர்மானத்தை வாசித்தார். என் பெயர் வந்த இடத்தில் குரல் தழைந்தது. "சத்தமாகப் படியுங்கள் டாக்டர், பின்வரிசைக்குக் கேட்காது" என்றேன். வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சிலர் சிரித்தார்கள். அவர் முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தார்.

முடிந்ததும் பல் மருத்துவர் எழுந்தார். இவ்வளவு வருடம் உழைத்தவர்மேல் இது கடுமையில்லையா என்று கேட்டார். தரணி பதில் சொல்ல எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "கடுமைதான். பதினைந்து வருடமாக ஊருக்கெல்லாம் விதி சொல்கிறோம். முதல் முறையாக நம் ஆளிடம் அதைக் காட்டியிருக்கிறோம். இந்தச் சங்கத்தில் நான் உறுப்பினர் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளும் பெருமை நேற்று எனக்கு இல்லை" என்றேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

யாரும் கை தட்டவில்லை. அதுவும் சரிதான், அது கை தட்டும் இடமில்லை. பிறகு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டோம். தொடக்கநிலைப் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்தேன். பட்டியலில் ஏழாவது.

ஆகஸ்ட் 31, வியாழன்

மதியம் ஒன்றரை மணிக்கு மரகதம் போன் செய்தார்.

"டீச்சர். பி ஷிஃப்டுக்கு எடுத்துட்டாங்க."

எனக்குக் கேட்க ஒன்பது கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. மறுமுனையில் தூரத்தில் ஆலை இரைந்துகொண்டிருந்தது. காத்திருந்தேன். ஒரு டீ ஆறிப்போகும் நேரம்.

"நேர்காணல்ல மொதலாளியே கேட்டாருங்க, நீ பேசாத ஆளாமேன்னு" என்று அவராகவே தொடங்கினார். "ஆமாங்க, நான் அப்படித்தான்னேன். பத்து நிமிசம் ஷெட்டுக்குள்ள வாங்கன்னு கூட்டிட்டுப் போனேன். வாயத் தெறக்காம ரெண்டு வரிசைய ஓட்டிக் காட்டுனேன். அவுரு என்னமோ கேட்டாரு. எனக்குக் கேக்கலீங்க. அவுரு சொன்னது அவுருக்கே கேட்டிருக்காது."

நாங்கள் வாயை மூடிக்கொண்டு காத்த விடையை, மரகதம் தம்மைக் கேட்டதும் தாமே நிமிர்ந்து சொல்லிவிட்டார்.

பிறகு அவர், "வெக்கறேனுங்க, ஆளுக வந்துட்டாங்க" என்றார்.

பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு இவர் என்னைப் பார்த்தார். "யாரு அம்மணி போன்ல? உன்ர சத்தத்தையே காணோம்."

"பி ஷிஃப்ட் சூப்பர்வைசர்" என்றேன்.